யார் செய்த பாவம்?

(வானொலி மறையுரை – தவக்காலம் நான்காம் வாரம்)



கடந்த ஞாயிறு நாம் கேட்ட நற்செய்தி, யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம். 41 வசனங்கள். நின்றுகொண்டே கேட்க வேண்டிய வாசகம் என்பதால் பல பெரியவர்கள் கால் மாற்றி நிற்பதைப் பீடத்திலிருந்து பார்த்தேன். நீளமான வாசகம்தான். ஆனால் முழு அதிகாரமும் ஒரே ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை வழியில் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்கிறார்கள்: இவர் இப்படிப் பிறக்கக் காரணம் யார் செய்த பாவம்? இவரா, இவரைப் பெற்றவர்களா?

நம் தமிழில் 'பாவம்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. கட்டளையை மீறினால் அது பாவம். கீழே விழுந்த ஒருவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொன்னால் அது இரக்கம். ஒரே சொல்தான். சீடர்கள் அந்த மனிதரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. 'யார் செய்த பாவம்' என்று கேட்டார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு கைக்குழந்தையின் கழுத்தை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். இதைச் சொல்லலாமா என்று அந்தத் தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே சொல்கிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதும் அல்ல. பங்கு அலுவலகத்தில், பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது.

முதல் குழந்தை. பெண் குழந்தை. பிறந்து ஏறக்குறைய நாற்பது நாள் ஆனபோது தாய் ஒன்றைக் கவனித்தார். பிள்ளையின் தலை எப்போதும் வலது தோள் பக்கம் சாய்ந்திருக்கிறது; ஆனால் முகம் மட்டும் இடப்பக்கம் பார்க்கிறது. ஒரு பக்கம் பால் குடிக்கிறாள், மறுபக்கம் போட்டால் அழுகிறாள். வலப்பக்கக் கழுத்து மடிப்பில் காற்றுப் படாமல் தோல் சிவந்து புண்ணாகிறது. விரல் வைத்துப் பார்த்தால் அதே பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஏதோ கட்டி போல் தட்டுப்படுகிறது. கட்டி என்றதும் அந்த வீட்டில் இரவெல்லாம் யாரும் தூங்கவில்லை.

பாட்டி, அதாவது கணவரின் தாயார், 'உரம் விழுந்திருக்கு' என்றார். நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த சொல். பிள்ளையைத் தூக்கும்போது கழுத்தோ தோளோ பிசகிக்கொண்டால், சேலையில் போட்டு, இருவர் இரண்டு பக்கமும் பிடித்து உருட்டி உரம் எடுப்பார்கள். உருட்டினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி உருட்டினார்கள். தலை சாய்ந்தபடியேதான் இருந்தது.

பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தை மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, இடுப்பு மூட்டையும் கண்களையும்கூடப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பயப்படும் கட்டி இல்லை. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்குகிற தசை ஒன்று கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு வலப்பக்கத் தசை குட்டையாக, இறுக்கமாக இருக்கிறது. அதனால்தான் தலை ஒரு பக்கம் சாய்ந்து, முகம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. கட்டி மாதிரித் தெரிவது அந்தத் தசையின் தடிப்புதான், சில மாதங்களில் தானாகவே கரையும். ஆனால் தசை நீள வேண்டும். அதற்குப் பிசியோதெரபி வேண்டும். இப்போதே தொடங்க வேண்டும்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டார்டிகோலிஸ். குருமடத்தில் இலத்தீன் படித்தவன் என்பதால் காதில் விழுந்ததும் புரிந்தது: முறுக்கிய கழுத்து. எங்கள் பேராசிரியர் அடித்துச் சொல்லிக்கொடுத்த இலத்தீன் நாற்பது வயதுக்கு மேல் இப்படி எங்காவது பயன்படுகிறது.

'இப்போதே' என்று மருத்துவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குறையில் நாள்கள் கணக்கு. பிறந்த முதல் மாதத்துக்குள் பயிற்சி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்தில் கழுத்து ஏறக்குறைய முழுமையாகத் திரும்பிவிடும். ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் ஒன்பது, பத்து மாதம் ஆகலாம். சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரைகூடப் போகும். இடையில் பிள்ளை எப்போதும் ஒரே பக்கம் தலையை வைத்துப் படுப்பதால் மண்டையின் பின்புறம் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். பச்சைப் பிள்ளையின் மண்டையோடு அவ்வளவு மென்மையானது.

பயிற்சி தொடங்கியது. பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு நின்றுபோனது. மூன்று வாரம்!

ஏன் நின்றது? பயிற்சியில் குழந்தை அழுதாள் என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், வீட்டில் நடந்த விசாரணை. கிரகணத்தன்று வெளியே போனாயா? வயிற்றுப் பிள்ளையோடு பைக்கில் போகாதே என்றேனே, கேட்டாயா? ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கினாயே! திருமணம் ஆன வருடம் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதை இன்னும் செலுத்தவில்லையே! அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். கடைசியில் யாரோ சொல்லி ஒரு செபக் கூட்டத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே மேடையில் இருந்தவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, தாயிடம் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது, அதை அறிக்கையிடும்வரை கழுத்து நேராகாது என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்விதான். "ஃபாதர், நான் என்ன பாவம் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். ஒண்ணும் பிடிபடலை. நீங்களாவது சொல்லுங்க." மூன்று வாரமாக அவர் தன் வாழ்க்கையைப் புரட்டிப் புரட்டி ஒரு பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிக் கண்டுபிடிக்கும்வரை பயிற்சி செய்வது கடவுளை எதிர்ப்பதாகும் என்றுகூட நினைத்திருக்கிறார். மடியில் இருந்த பிள்ளையோ இடப்பக்கச் சுவரைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்பானவர்களே, யோவான் 9ஆம் அதிகாரத்தை இந்தத் தாயின் இடத்தில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். அந்தப் பார்வையற்ற மனிதரின் பெற்றோர் அந்த அதிகாரத்தில் இரண்டு முறை குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். முதலில் சீடர்கள் ஏற்றுகிறார்கள், அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல். பிறகு, மகன் பார்வை பெற்றுவிட்ட பின்பு, அதிகாரத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்: இவன் உங்கள் மகன்தானா? எப்படிப் பார்க்கிறான்? பெற்றோர் பயந்துபோய், அவனுக்கு வயது இருக்கிறது, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். மகனுக்குக் கண் கிடைத்த நாளில்கூட அவர்களை நிம்மதியாகக் கொண்டாட விடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். முழு அதிகாரத்திலும் அந்த மனிதரைப் பார்த்து, 'உனக்குக் கண் கிடைத்ததே, சந்தோஷம் அப்பா' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அண்டை வீட்டார், இவன் அவனா, இல்லை அவனைப் போல இருக்கிறவனா என்று வாதாடுகிறார்கள். மற்றவர்கள் ஓய்வுநாள் சட்டத்தைப் பேசுகிறார்கள்.

இயேசு என்ன சொன்னார்? இவரும் பாவம் செய்யவில்லை, இவருடைய பெற்றோரும் செய்யவில்லை என்றார். இவர்கள் ஒருநாளும் ஒரு பாவமும் செய்யாத புனிதர்கள் என்பது அதன் பொருள் அல்ல. இந்தக் குறைக்கும் அவர்கள் பாவத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்பதுதான் பொருள். இது புதிய போதனையும் அல்ல. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்று இஸ்ரயேலில் ஒரு பழமொழி இருந்தது. அந்தப் பழமொழியை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று எசேக்கியேல் இறைவாக்கினர் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பெயரால் கண்டிப்பாகச் சொல்கிறார். கடவுள் தடைசெய்த பழமொழியை நாம் மட்டும் நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறோம்.

வேளாங்கண்ணி நேர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேர்ந்துகொண்டதைச் செலுத்துங்கள், நல்லது, அன்போடு செலுத்துங்கள். ஆனால் ஆரோக்கிய அன்னையை வட்டிக்காரியாக்காதீர்கள். கடன் பாக்கிக்காகப் பச்சைப் பிள்ளையின் கழுத்தைத் திருகுகிறவர் நம் தாய் அல்ல.

இயேசு அதோடு நிறுத்தவில்லை. நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அடுத்த வசனத்தை. யார் பாவம் என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, உடனே அவர் வேலையைப் பற்றிப் பேசுகிறார். வெளிச்சம் இருக்கும்போதே தந்தையின் வேலையைச் செய்தாக வேண்டும், இருட்டிவிட்டால் யாராலும் செய்ய முடியாது என்கிறார். சொல்லிவிட்டு நின்றுகொண்டிருக்கவில்லை. குனிந்து, உமிழ்ந்து, சேறு குழைத்து, கண்ணில் பூசுகிறார். சிலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவிக்கொள் என்று அனுப்புகிறார். பார்வையில்லாத மனிதர் தட்டுத் தடுமாறி அவ்வளவு தூரம் நடந்துபோய்த்தான் பார்வை பெறுகிறார்.

வெளிச்சம் இருக்கும்போதே! குழந்தை மருத்துவர் 'இப்போதே' என்று சொன்னாரே, அதுவும் இதுவும் என் காதில் ஒரே வார்த்தையாகத்தான் விழுகிறது. யார் செய்த பாவம் என்ற கேள்வி ஒரு மனத்தைப் புண்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அதைவிடக் கொடுமை, அது நேரத்தைத் தின்கிறது. நாம் விசாரணை நடத்திக்கொண்டிருந்த மூன்று வாரமும் அந்தத் தசை இறுகிக்கொண்டுதான் இருந்தது. மேடையில் அப்படிச் சொன்னவருக்கு அந்த மூன்று வாரத்தைத் திருப்பித் தர முடியுமா?

நான் அந்தப் பெண்ணிடம், "அம்மா, உன் பாவத்தைத் தேடும் வேலையை என்னிடம் விட்டுவிடு. நீ நாளைக் காலையில் பிசியோதெரபிக்குப் போ" என்றேன். போனார். பாட்டியும் கூடவே போனார். அதுதான் நல்லதாகப் போயிற்று.

அங்கே கற்றுக்கொடுத்தது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் மருத்துவன் அல்ல. வானொலியில் சாமியார் சொன்னார் என்று யாரும் வீட்டில் பிள்ளையின் கழுத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். தலை சாய்வதற்குக் கண், எலும்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். மருத்துவர் பார்த்த பிறகே எதுவும். பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கே இலவசமாகவே பார்க்கிறார்கள்.

பயிற்சியில் இரண்டு வகை. ஒன்று, பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தபடி தோளை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, அப்படியே சிறிது நேரம் வைத்திருப்பது. பிறகு இடது காது இடது தோளை நோக்கிப் போகும்படி சாய்த்து, அதையும் சிறிது நேரம் வைத்திருப்பது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிள்ளை முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, அமைதியான பிறகு மறுபடி. ஒரு நாளில் பல தடவை. பால் கொடுக்கும் முன், துணி மாற்றும்போது, குளித்து முடித்த பின்.

எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று எண்ணிச் சொல்லிக்கொடுத்தார்கள். தாய்க்கு எண்ணும்போது கை நடுங்கி எண் தவறிப்போனது. அப்போது பாட்டி சொன்னாராம், "எண்ணிக்கையெல்லாம் வேண்டாம். நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்றேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ பிடி." பிசியோதெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. அன்றுமுதல் அந்த வீட்டில் கடிகாரம் அதுதான். கிரகணத்தையும் பைக்கையும் பேசிக்கொண்டிருந்த அதே வாய், இப்போது நாளுக்கு முப்பது நாற்பது முறை மரியன்னையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மருமகளைக் குறை சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கையால் திருப்புவது மட்டும் போதாது, பிள்ளை தானாகத் திரும்ப வேண்டும் என்றார்கள். எப்படித் திரும்புவாள்? அவளுக்குப் பிடித்ததை எல்லாம் அவள் பார்க்காத பக்கத்தில் வைக்க வேண்டும். அதுவரை பிள்ளையின் இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் வெறும் சுவர். பாயைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது ஜன்னல் வலப்பக்கம் வந்தது. கிலுகிலுப்பை வலப்பக்கம். பேசுகிறவர்கள் எல்லாரும் வலப்பக்கமாகப் போய் நின்று பேச வேண்டும். தாய் வலப்பக்கம் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்துகொண்டு குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்துப் பலப்படும். தூங்கும்போது மல்லாக்கத்தான். தூளியில் வெகுநேரம் போட்டு வைப்பதைக் குறைக்கச் சொன்னார்கள். தகப்பனார் லாரி ஓட்டுநர். வீட்டில் இருக்கும் நாள்களில், கற்றுக்கொடுத்தபடி பிள்ளையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் நடப்பார். 'என்னப்பா, பிள்ளையை வாழைத்தார் மாதிரித் தூக்கிட்டுப் போறே' என்று கேலி செய்வார்களாம். மார்ச் மாதம் சூசையப்பருக்குரிய மாதம். பேசாமல் தூக்கிச் சுமந்தவர் அவர்.

முதல் சில நாள் குழந்தை கண்ணை மட்டும் வலப்பக்கம் உருட்டினாள். தலை அசையவில்லை. பிறகு ஒருநாள் மூக்கு கொஞ்சம் நகர்ந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் கோணம் அளந்து எழுதினார். தாய் தன் கைபேசியில் ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்தார். கழுத்து மடிப்பில் இருந்த புண் ஆறியது. கட்டி சிறுத்து, எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. நான்காம் மாத முடிவில் பிள்ளை குப்புற விழுந்தாள், ஆனால் ஒரு பக்கமாக மட்டும். மறுபக்கம் விழ இன்னும் ஒரு மாதம் ஆனது. நடுவில் காய்ச்சல் வந்தபோது தலை பழையபடி சாய்ந்தது. எல்லாம் வீணாயிற்றே என்று தாய் அழுதார். களைப்பிலும் காய்ச்சலிலும் அப்படித்தான் இருக்கும், பயிற்சியை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்று பிள்ளைக்கு ஏழாம் மாதம். காலையில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மாலையில் தூக்கம் வரும்போது மட்டும் தலை சற்றே வலப்பக்கம் சாயும். நடக்கத் தொடங்கும்வரை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேயர்களே, இந்த வாரம் வியாழக்கிழமை திருப்பலியின் முதல் வாசகத்தில் இன்னொரு கழுத்து வருகிறது. விடுதலைப் பயண நூல் 32ஆம் அதிகாரம். பொற்கன்றுக்குட்டி செய்து வணங்கிய மக்களை ஆண்டவர் வணங்காக் கழுத்துள்ள மக்கள் என்கிறார். எபிரேய மொழியில் அது பிடரியைக் குறிக்கும் சொல். நுகத்தடியில் பூட்டிய மாடு, உழுகிறவர் இந்தப் பக்கம் திரும்பு என்றால் பிடரியை விறைத்துக்கொண்டு நேரே போகுமே, அந்த மாடுதான் படம். ஏர் பிடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

திரும்ப முடியாத கழுத்து ஒன்று. திரும்ப மறுக்கும் கழுத்து இன்னொன்று. முதலாவதற்குப் பாவம் ஒன்றுமில்லை; அதற்கு வேண்டியது பரிவும் பயிற்சியும். விவிலியம் கண்டிப்பது இரண்டாவதைத்தான். நாமோ மாற்றி வைத்திருக்கிறோம். பச்சைப் பிள்ளையின் கழுத்துக்குப் பாவம் தேடுகிறோம். நம் கழுத்துக்கு ஆயிரம் நியாயம் சொல்கிறோம்.

உங்களுக்கும் எனக்கும் திரும்பாத பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே சுவர், அந்தப் பக்கம் உடன்பிறந்த அண்ணன். பாகப்பிரிவினைக்குப் பிறகு எட்டு வருடமாக அந்த வாசலைப் பார்ப்பதில்லை. திருப்பலியில் சமாதானம் சொல்லும்போதுகூட அந்தப் பக்கம் கழுத்து வராது. ஊரளவிலும் இருக்கிறது. பாதுகாவலர் திருவிழாவில் தேர் எல்லாத் தெருவும் சுற்றி வரும், ஒரு தெருமுனைக்கு வந்ததும் மட்டும் திரும்பாது. ஏன் என்று கேட்டால் 'வழக்கம் சாமி' என்பார்கள். தேரில் இருக்கும் புனிதருக்கு அந்தத் தெருவுக்குப் போக மறுப்பில்லை. வடம் பிடிக்கிறவர்களின் கழுத்துதான் திரும்பவில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும் என்று தெரியும். தவக்காலத்தில் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

மனமாற்றம் என்று இப்போது சொல்கிறோம். மனந்திரும்புதல் என்பது பழைய சொல். எபிரேயத்திலும் அதற்குத் 'திரும்பி வருதல்' என்பதுதான் பொருள். திருப்புவதற்குக் கடவுள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கழுத்தைப் பிடித்து முறுக்குவதில்லை. நாம் பார்க்காத பக்கத்தில் போய் நின்றுகொண்டு கூப்பிடுகிறார். கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா ஆண்டவரைப் பார்த்தும் தோட்டக்காரர் என்று நினைத்தார். பெயர் சொல்லி அழைத்த குரலுக்குத்தான் அவர் திரும்பினார். பேதுருவின் கதை அதற்கும் முந்தியது. மூன்றாம் முறை மறுதலித்து, சேவல் கூவிய அந்த நொடியில் பேதுரு திரும்பவில்லை. ஆண்டவர்தான் முதலில் திரும்பிப் பேதுருவைப் பார்த்தார் என்று லூக்கா 22ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். கட்டப்பட்ட நிலையில், அடியும் ஏச்சும் காத்திருந்த நேரத்தில், அவர் கழுத்துத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதார்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. எட்டு வருட விறைப்பு ஒரே நாளில் இளகிவிடாது. ஒரே உலுக்கில் உரம் எடுக்கும் வேலை அல்ல இது. முதல் நாள் கண் மட்டும் அந்தப் பக்கம் உருளட்டும். போகிற வழியில் அந்த வாசலைப் பார்த்துவிட்டுப் போங்கள். மறுநாள் ஒரு தலையசைப்பு. ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம் அந்த ஆளுக்காக மன்றாடுங்கள். காய்ச்சல் வந்த நாளில் பழைய கோபம் திரும்ப வந்தால், விட்டுவிடாதீர்கள்.

கோயிலில் ஒரு பிள்ளையின் தலை சாய்ந்திருப்பதைக் கண்டால், கால் வளைந்திருப்பதைக் கண்டால், பேச்சு வராததைக் கண்டால், தாயிடம் காரணம் கேட்க வேண்டாம். 'ஐயோ பாவம்' என்றுகூடச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் வீட்டு வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா, பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிவரட்டுமா என்று கேளுங்கள்.

அந்தக் குழந்தைக்கு இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை. கழுத்து நேரான பிறகே கோயிலுக்குத் தூக்கிவர வேண்டும், ஊர் பார்க்கும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். இப்போது உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறோம். போன வாரம் பாட்டி பதிவேட்டில் பெயர் எழுத வந்தார். ஞானப்பெற்றோர் யார், பெயர் என்ன என்றெல்லாம் எழுதி முடித்த பிறகும் அவர் போகவில்லை. "சாமி, ஒரு விஷயம்" என்றார். என்னம்மா என்றேன்.

"தண்ணி ஊத்தும்போது பிள்ளைக்கு வலது பக்கமா வந்து நில்லுங்க. உபதேசியார்கிட்டயும் சொல்லிடுங்க, மெழுகுதிரியை அந்தப் பக்கமே பிடிக்கட்டும். பாடுறவங்களையும் முடிஞ்சா அந்தப் பக்கமா நிக்கச் சொல்லுங்க."

பாடகர் குழுவை இடம் மாற்றுவது எங்கள் பங்கில் எளிதான காரியம் அல்ல. ஆனாலும் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அந்தக் குழந்தைக்காகவும், இன்றிரவு எங்கோ ஒரு வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தன் பாவத்தைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்.